மாத்திரையா, ஆஸ்பத்திரியா
பெருமாநல்லூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சத்தமாகவே சொன்னாள்.

"கருவைக் கலைக்கோணும்னு போனது நானு. எப்படிக் கலைக்கறதுன்னு எங்கூட்டுக்காரரைக் கேக்கறாங்கக்கா!"

"யாரு?"

"டாக்டரம்மாதான். ஏழு வாரந்தான், ரெண்டு வழியும் ஆகும்னு அவரைப் பார்த்தே சொல்றாங்க. மாத்திரைன்னா ஊட்லயே வலிச்சு ரத்தம் போகுமாம், மறுபடி வந்து காட்டோணுமாம். ஆஸ்பத்திரில உறிஞ்சி எடுத்தா அன்னிக்கே முடிஞ்சிருமாம்."

"அவரு என்ன சொன்னாரு?"

"மாத்திரையே குடுங்க, ஊட்ல இருந்தா சோறாக்கிருவாங்கறாரு!"

"அடப்பாவி! நீ சும்மாவா இருந்தே?"

"என்ற உடம்புங்க, என்னைக் கேளுங்கன்னேன். அப்பத்தான் டாக்டரம்மா என்ற மூஞ்சியப் பார்த்து, உம் பேரென்ன கண்ணுன்னாங்க."