லாஞ்சிப் பலகையில அத்தர் ஷெல்ஃபு

…நாறுதாமே நைனா! நான் செஞ்ச ஷெல்ஃபு நாறுதாம்! தோ, மடில வெச்சிகினு கீறேன் பாரு, அதுல கயட்டுன பலகைதான் இது. ராயபுரத்துல ரயில் ஏறசொல்லோ ஒருத்தன் மூஞ்ச சுளிச்சான். பலகை இட்ச்சிடிச்சோன்னு ஸாரி கேட்டுகினு வந்து குந்துனேன். நீ ஏன் ஜன்னலாண்ட ஒதுங்குற? நல்லா குந்து. மீஞ்சூர் வரைக்கும் பேச்சுத்தொணைக்கி ஆள் ஓணும்.

இன்னா மேட்டருன்னா… வண்ணாரப்பேட்டைல அத்தர் கடை வெச்சிக்கிறாரு சுஃபியான் பாயி. தங்கமான மன்ஷன், பொய் சொல்லக்கூடாது. மீஞ்சூருக்கு அப்பால தோப்பு வாங்கி, லீவுக்கு வர்றவங்க வாடகைக்கித் தங்க, உருட்டுக்கட்டையா அடுக்கி ஒரு வூடு கட்டிக்கிறாரு. செவுரும் கட்டை, கூரையும் கட்டை! நம்ம வெயிலுக்கு! நம்ம கரையானுக்கு! இதுமாரி ஓணும்னு போன்ல ஒரு படம் காட்னாரு… அதுல பனி கொட்டிகினு கீது. நான் இன்னாத்த சொல்றது, ஆவட்டும் பாய்ன்னேன்.

உள்ள அத்தர் புட்டிங்கள அடுக்கி வெக்க ஷெல்ஃபாம். தங்க வர்றவங்க பாத்து வாங்கணுமாம். ஆனா இழைக்கக்கூடாது, பாலீஷ் போடக்கூடாது, ஆணி ஓட்டை தெரியணும், வெடிப்பு தெரியணும்… அட தேவுடா! முப்பது வருசமா நூல் அளவு கோணிச்சின்னா கதவத் திருப்பி அனுப்புவாங்க. இப்ப கோணையா செஞ்சாதான் ஷோக்காம்!

சரின்னு காசிமேட்டுல மீன்புடிக்கிற பழைய படகு, லாஞ்சி ஒண்ண ஒடச்சிகினு இருந்தாங்க, அங்க போனேன். மேல்தட்டுப் பலகையும் இருந்திச்சி. வெளுத்து, செத்துப்போன பலகை. அடில மீனக் கொட்டி ஐஸ் போட்ற அறை இருக்குமே, அதோட பலகையும் இருந்திச்சி… இருவது வருசம் மீன் எண்ணெயக் குட்ச்சி, கருகருன்னு, தடவுனா கை வயுக்கும்! லாஞ்சிக்காரன் முப்பிடாதி அப்பவே சொன்னான், ‘திலீப்பண்ணே, இத்த ரூமுக்குள்ள வெக்காத’ன்னு. அவனுக்கு இன்னா தெரியும்? தொயிலு தெரிஞ்சவன் நானா அவனா? அந்தக் கருப்புப் பலகையத்தான் எடுத்தேன்.

மாட்டி முடிச்சன்னிக்கி பாயி என்னியக் கட்டிப்புட்ச்சிகினாரு. அன்னிக்கி அவருக்கு செம ஜலதோஷம், அது வேற கதை. ஜலதோஷம் வுட்ட ஒடனே பேஜாரு! அவரு சம்சாரம் சாபிராம்மா ரோஜா அத்தரத் தொறந்தாங்களாம், நெத்திலி வாசனை வந்திச்சாம். நாளைக்கி ஜும்மா முடிஞ்சி தொறப்பு. இன்னும் ஆறு கட்டைவூடு கட்டப்போறேன், மரவேல முச்சூடும் உனக்குத்தான்னு சொன்ன பாயோட வாயி, இப்ப ‘தப்புன்னு ஒத்துகினு கயட்டு, இல்லன்னா வேற ஆளு பாத்துக்கிறேன்’னுது.

வராத வாசனைய எப்டிப்பா ஒத்துக்கிறது? எங்க தெருல பதினெஞ்சி பேரு மூக்காண்ட காட்டிட்டேன். ஒர்த்தர்கூட ஒண்ணும் சொல்லல! தெருன்னா… மீன் ஏலம் வுட்றாங்களே, அந்த எடத்துக்குப் பின்னால. கருவாடு காயப்போட்ற தெரு. ஏன், அங்க கீறவங்களுக்கு மூக்கு இல்லியா?

நீ வெளியூரு, உனுக்கு இதுல ஒரவும் இல்ல, பகையும் இல்ல. தோ, மோந்து பாத்து சொல்லு. நல்லா கிட்ட வெச்சி… இன்னாப்பா இருமுற? கண்ணுல தண்ணி வேற… எங்க எய்ந்துக்கிற? இது திருவொத்தியூரு! நீ அத்திப்பட்டுன்னியே! நைனா, ஒரே வார்த்த சொல்லிட்டுப் போப்பா… யோவ்!

எறங்கி அடுத்த பொட்டிக்கி ஓட்றான்.

எதிர் சீட்டும் காலியா கீது. இவ்ளோ கூட்டம் நின்னுகினு கீது, ஒர்த்தரும் குந்தல…

ஹலோ… ஆன்சி, அப்பாதாம்மா. ஒண்ணுமில்ல… உன் கண்ணாலத்துக்கு லாஞ்சிப் பலகைல ஒரு அலமாரி செஞ்சி அனுப்புனேனே, அத்த எங்க வெச்சிக்கிற? … மொட்டமாடிலயா? … எப்பலருந்து? … வந்த அன்னிக்கேவா! ஏம்மா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? … நான் மனசு ஒடஞ்சிடுவேன்னா? மூணு வருசமா? … மாப்ள வூட்ல இன்னா சொன்னாங்க? … சிரிச்சாங்களா. … இல்லம்மா, அழல. சரி, வை. பாய்க்குப் போன் போட்டு, நாறுது பாய், தப்பு என்னுதுதான்னு சொல்லணும்.