எண்பத்தெட்டில் அப்பா

இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை, அக்கா. தங்குமிடத்துக்குக் கீழேயே நம்ம ஊர்க்காரர் கடை இருக்கிறது. பரோட்டா கொஞ்சம் தடிமன், சால்னா பரவாயில்லை. வீடியோவில் பார்த்துவிட்டு இளைத்துப்போனேன் என்று அழுதாயே, அது வெளிச்சக் கோளாறு. சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் தெரிவோம்.

பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு இதைப் படி. மாமாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று படித்து முடித்தபின் நீயே முடிவு செய்.

ஆகாஷ் மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். நேற்று அப்பாவின் கூட்டாளி அசன் பாய் பேசினார். ஆகாஷ் குத்துச்சண்டையை விட்டுவிட்டானாம். அவன் ஊரான நெற்குப்பையில் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறானாம்.

"அந்தப் பய பீச்சாங்கையில சோத்த அள்ளித் திங்கிறான்டா சரவணா. ஏன்டானு கேட்டா, சோத்தாங்கைய வாய்க்கிட்ட கொண்டுபோக முடியலைங்கிறான். அவுக ஆத்தா அழுகுது."

அந்த வலது கையால்தான் அவன் நம் அப்பாவை அடித்தான். அடித்தது அவன் கை என்பது உண்மை. மற்றதை நான் சொல்கிறேன்.

உனக்கு அப்பாவின் குத்துச்சண்டை என்றால் அலமாரியில் இருக்கும் அந்த ஒரு கோப்பைதான். எண்பத்தெட்டில் ராணுவப் போட்டியில் ஹெவிவெயிட்டில் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவருடைய வேலை, புதிதாக வரும் பையன்கள் அடித்துப் பழக எதிரில் நிற்பது. அதை அவர் வீட்டில் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் செம்மலை டீக்கடையில் சொல்வார். நானும் அசன் பாயும் கேட்போம்.

அங்கே மூன்று பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் வீரர்கள் இருவரை மோதவிட வேண்டும். பெயரைச் சொன்னால் போதாது. எந்த வருடத்து ஆள் என்றும் சொல்ல வேண்டும். அந்த வருடத்தில் உடம்பில் என்ன வலு இருந்ததோ, என்ன காயம் இருந்ததோ, அதோடுதான் அவர் வருவார்.

"அறுபத்தாறு அலியக் கூட்டியாரேன்ணே. ஒங்க எண்பத்தெட்டு டைசன் தொடக்கூட முடியாது" என்பார் பாய்.

"எழுபத்தினாலு அலியக் கொண்டாங்க, அப்பப் பேசுவோம்."

"எழுபத்தினாலுல காலு போச்சேண்ணே."

"காலு போன பெறகுதான் பாய் அவனுக்கு அடி வாங்கத் தெரிஞ்சது."

செம்மலை உள்ளேயிருந்து, "வயசான ஃபோர்மேனுக்குச் சீனி கம்மியா ஒரு டீ" என்று அப்பாவுக்கு நீட்டுவார். அப்பா வாங்கிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்பார். எண்பத்தெட்டில் தானும் எண்பத்தெட்டு டைசனும் மோதினால் எத்தனை ரவுண்டு?

"ரெண்டுண்ணே. ஒண்ணுல நடந்து போவீக. இன்னொண்ணுல தூக்கிட்டு வருவாக."

கடையே சிரிக்கும். அப்பாதான் அதிகம் சிரிப்பார்.

போன வருடம் அவர் அதைச் சிரிக்காமல் கேட்க ஆரம்பித்தார். சில காலைகளில் அவருக்கு இருபத்துநாலு வயது. இருட்டிலேயே எழுந்து ஷூவைத் தேடுவார். "போட்டி எங்குட்டுடா? வண்டி வந்துருச்சா?" என்பார். சில காலைகளில் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் உட்கார்ந்திருப்பார். நான் போட்டுவிடும்போது சுவரைப் பார்த்துக்கொள்வார்.

பாய் விளையாட்டை நிறுத்திவிட்டார். "எதிர்ல உக்காந்திருக்க ஆள வச்சு இந்த ஆட்டம் ஆடக் கூடாதுடா" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. அப்பாவுக்குப் பேச்சுத்துணை வேண்டாமா?

மதுரையில் டாக்டரிடம் காட்டினேன் அல்லவா, வயசுக் கோளாறுதான், சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று உன்னிடம் சொன்னேன். டாக்டர் சொன்னது வேறு. வாங்கிய அடியெல்லாம் மூளையில் சேர்ந்திருக்கிறது. இனி தலையில் ஒரு அடிகூடப் படக் கூடாது, வழுக்கி விழுவதுகூட ஆபத்து, எந்நேரமும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்றார். எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். உடம்பு நல்ல உடம்பு, பத்துப் பதினைந்து வருடம்கூட இருப்பார் என்றார். நல்ல செய்தி போலத்தான் சொன்னார்.

உன்னிடம் சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய். உன் மாமியார் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். உன் நன்மைக்காகத்தான் மறைத்தேன். சிங்கப்பூர் விசா வந்தது அதற்கு அடுத்த வாரம். இரண்டுக்கும் தொடர்பில்லை.

ஆகாஷ் பழகும் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு அப்பாவைப் பரிசு கொடுக்கத்தான் அழைத்தார்கள். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு சால்வை. அன்று அவருக்குத் தெளிவான நாள். "நாற்காலியிலயாடா உக்காரணும்?" என்றார். பிறகு, "சரவணா, இப்ப இருக்குற நான் ரெண்டு ரவுண்டு நிப்பனா?" என்று கேட்டார். மகனிடம் அப்படிக் கேட்கும் மனிதருக்கு என்ன சொல்வாய், அக்கா? நிப்பீகப்பா என்றேன். அங்கே பயிற்சி கொடுக்கும் மாஸ்டரிடம் போய், டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார், சும்மா காட்சிக்கு இரண்டு ரவுண்டு, தலைக்கவசம் போட்டுக்கொள்வார் என்றேன். மாஸ்டர் அப்பாவிடம் குத்துச்சண்டை பழகியவர். சந்தோஷப்பட்டார்.

அசன் பாயிடம் விழா அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தேன். வந்தால் தடுத்துவிடுவார் என்பதற்காக இல்லை. அவர் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நேரம் அது.

அப்பாவுக்கு எதிரில் நிற்க இருந்த ஆகாஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, பெரியவருக்குக் கை நடுங்குதுண்ணே. நான் சும்மா தட்டிவிட்டுக்கிறேன்."

"தட்டுனா அவருக்குத் தெரிஞ்சிரும்டா. அவமானப்பட்டுருவாரு. ஒழுங்கா அடி."

"தலையில வேணாம்ணே. வயித்தோட நிறுத்திக்கிறேன்."

"அவரு மகன் நான் சொல்றேன்ல. எங்கப்பனப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவன் தலையாட்டினான். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பையன். போலீசிடமும் நான் சொன்னதை அவன் சொல்லவில்லை. ஏனென்று எனக்கு இன்னும் புரியவில்லை.

முதல் ரவுண்டில் நீ அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். கயிற்றைத் தாண்டி உள்ளே போனதும் கை நடுக்கம் நின்றுவிட்டது. காலை மாற்றி மாற்றி வைத்து, தோளுக்குள் தாடையை மறைத்துக்கொண்டு, இடது கையால் இரண்டு விட்டார். ஆகாஷுக்கு உதடு கிழிந்தது. ஜனம் விசிலடித்தது. நானும் அடித்தேன். அந்த மூன்று நிமிடம் எனக்கு அப்பாவை அவ்வளவு பிடித்திருந்தது.

இடைவேளையில் மாஸ்டர், போதும், இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றார். அப்பா ஜெயித்தபடியே இறங்கியிருக்கலாம். இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொன்னவன் நான்.

இரண்டாவது ரவுண்டில் ஒரே ஒரு வலது கை. பலமான அடிகூட இல்லை, கன்னப்பொறியில் பட்டது. அப்பா விழவில்லை, மெதுவாக உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். என்னைப் பார்த்து, "இது எந்த வருசம்டா?" என்று கேட்டார்.

"எண்பத்தெட்டுப்பா" என்றேன்.

சிரித்தார். அப்புறம் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு நீ வந்து சேர்ந்தபோது, "அப்பா, சத்யா வந்துருக்கேன், பாருங்கப்பா" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். அது மட்டும் எனக்கு இங்கே வேலை நேரத்திலும் கேட்கிறது. பட்டறையில் அவ்வளவு சத்தம், அதற்குள்ளும் கேட்கிறது.

காரியத்தன்று ஆகாஷ் வாசலில் வந்து நின்றான். "எங்கப்பன அடிச்சுக் கொன்ன கையி, இந்த வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்குமா?" என்று நீ கேட்டாய். அவன் செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனான். நான் உன் பக்கத்தில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். நீ போய் அவன் வலது கையைப் பிடித்து, சோற்றை உருட்டி அதில் வை. என்ன சொல்ல வேண்டுமோ சொல். என் பெயரைச் சொல்.

நான் கெட்டவன் இல்லை, அக்கா. அவர் படுக்கையில் கிடந்து, யாரென்று தெரியாமல் போயிருக்க வேண்டாம் என்றுதான். ஜெயித்த வருடத்திலேயே அவர் போகட்டும் என்றுதான். இதைத் தினமும் சொல்லிக்கொள்கிறேன். பெரும்பாலும் நம்பவும் செய்கிறேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நீ சொல்லிக்கொண்டிருந்தாய்: "எந்தம்பி சேரப்போற சிங்கப்பூர் கம்பெனிக்காரவுக தங்கமானவுக. பதினாறு முடிச்சுட்டு வாப்பான்னு விட்டுட்டாக." உண்மைதான், நல்லவர்கள். அப்பா இறந்துவிட்டார், காரியம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று நான் அனுப்பியதும் உடனே ஆறுதல் சொல்லிப் பதில் போட்டார்கள்.

அனுப்பியது வெள்ளிக்கிழமை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போட்டி ஞாயிற்றுக்கிழமை.