காது தெரியணும்

— ஆங், தாடையைக் கொஞ்சம் இறக்கு. நேரா பாரு. மூச்சைப் பிடிச்சுக்கோ.

— மூச்சைப் பிடிச்சா முகத்துல எப்படிங்க சந்தோஷம் வரும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— பேசாதே. வாய் கோணிடும்.

— கோணட்டும்பா! உங்க ஸ்டூடியோ முதலாளி கேட்டதே அந்த மாதிரி முகத்தைத்தானே? இங்க பாருங்க, அம்மாவை அச்சு அசலா பாஸ்போர்ட் போட்டோவாக்கி வெச்சிருக்கீங்க.

— என்ன பண்றது கண்ணு, ஸ்டூடியோவுல இத்தனை வருஷமா எடுத்தது அது ஒண்ணைத்தானே. சிரிக்கிறவனை அதட்டியே பழகிட்டேன். இப்ப அதுக்கு மிஷின் வந்துடுச்சு, பட்டனை அமுக்கினா போட்டோ வந்து விழுது. திங்கக்கிழமை உயிருள்ள முகமா ஒண்ணு கொண்டு வா, இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோன்னுட்டார்.

— அம்மா, எழுந்திரு. வெளிச்சத்துக்கு இந்த தெர்மாகோலைப் பிடி. நான் உட்கார்றேன்.

— நீயாடி? கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிவியே!

— அப்பாவுக்காகத்தான். பின்னாடி அந்த வெள்ளைத் துணி சுருக்கமில்லாம இருக்கா?

— இருக்கு, இருக்கு. முடியை ஒதுக்கிக்கோ கண்ணு, காது தெரியணும். அட, மறுபடியும் காதுக்கே வந்துட்டேன் பாரு! முடியை விடு. சிரி.

— உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே ஒண்ணு எடுங்கப்பா. அப்புறம் சிரிக்கிறேன்.

— ஆங், அசையாதே. எடுத்தாச்சு. எல்லாம் துல்லியமா இருக்கு, முகத்துல மட்டும் ஒரு மண்ணும் இல்லை.

— இது எனக்கு வேணும்பா. கப்பல்காரங்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டிருக்காங்க.

— என்னது?

— அந்தக் கப்பல் சமையல் வேலை கிடைச்சுடுச்சு. கேட்டா கத்துவீங்கன்னுதான் இந்தச் சாக்குல உட்கார்ந்தேன்.

— வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேன்ல? தரையில கிடைக்காத அடுப்பா?

— தரையில எல்லாரும் என்னை வெங்காயம் நறுக்கத்தான் விடறாங்க. அங்க அடுப்பையே என் பொறுப்புல விடறாங்கப்பா.

— ஏய், உனக்கு இது தெரியுமா?

— சத்தியமா இப்பத்தாங்க கேக்கறேன். அப்பன்கிட்ட ஒரு போட்டோ கேக்கறதுக்கு இத்தனை நாடகம் ஆட வேண்டியிருக்கே, அதை நெனைச்சுப் பாருங்க. நெஜமாச் சொல்லுங்க, உங்களுக்குக் கோபமா, பயமா?

— பயம்தான். மாசக்கணக்கா தண்ணியில. காய்ச்சல்னு படுத்தா ஒரு வாய் தண்ணி குடுக்க யார் இருக்கா? இவ இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படி நுழையறது?

— இதைச் சொல்லியிருக்கலாமேப்பா! வேண்டாம், வேண்டாம்னு மட்டும்தானே சொன்னீங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. உங்க ஸ்டூடியோவுக்கே வந்து அந்த மிஷின்ல எடுத்திருப்பேன். மனசு வரல. கப்பல்ல குடுக்கற என் அட்டையில நீங்க எடுத்த போட்டோதான் இருக்கணும்.

— என்னங்க, கேமராவை ஏன் கீழே இறக்கறீங்க? அவ முகத்தைப் பாருங்க! முதலாளி கேட்டது அதோ இருக்கு. எடுங்க!

— எல்லாம் மங்கலா தெரியுது.

— கண்ணைத் துடைங்க, தெரியும்.

— எடுத்துட்டேன்.

— காட்டுங்க. அடேயப்பா! திங்கக்கிழமை இதைப் பாத்து உங்க முதலாளி வாயடைச்சுப் போயிடுவார்.

— அப்பா, முதல்ல எடுத்தது? அதை அழிச்சிடப் போறீங்களா?

— எட்டு பிரிண்ட் போடறேன். கப்பல்காரங்களுக்குப் போதுமா, கண்ணு?