கிரீஸ், புகைக்கரி, செம்மண்

நல்ல துரு வேண்டும் என்றால் உப்புத் தண்ணீர்தான். முதலில் தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து மினுக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு உப்புத் தண்ணீரைத் துணியால் ஒற்றி மூன்று நாள் வெயிலில் வைத்தால் போதும். எந்தப் பெயிண்டிலும் வராத நிறம் அதில் வரும்.

அங்கம்மாள் டீச்சர், நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். ஐம்பத்தேழு வயதில் முதியோர் பள்ளியில் உங்களிடம் 'அ' போட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் எங்கள் வீட்டில் என் மகன் சண்முகவேலின் படத்துக்குக் கீழே இருக்கும் மிலிட்டரி லாரியைப் பார்த்து, "ஏனுங்க, இதை எப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிக் குடுங்க. பள்ளிக்கூடக் கண்காட்சியில வண்டியோட வெக்கறேன். ஒண்ணையும் உடாம எழுதோணும்" என்றீர்கள். விடாமல் எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தேன். தகரம் வெட்டுவேன், ரிவிட் அடிப்பேன், பட்டி பூசுவேன். இஞ்சினும் பிரேக்கும் என் வேலை இல்லை. அது மெக்கானிக் சின்னானின் வேலை.

இந்தச் சின்ன வண்டிக்கு அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி முன்பக்கம் செய்தேன். டயர் பழைய டியூப்பில். ரிவிட்டுக்குக் குண்டூசித் தலை. கதவின் மேல்விளிம்பில் பச்சை தேய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பு ஓட்டியவர்கள் முழங்கை வைத்துத் தேய்ந்த இடம் அது; சண்முகவேலும் அங்கேதான் வைத்து ஓட்டுவான். ஏறுபடியில் வலது ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். அவனும் வலது கால் வைத்துத்தான் ஏறுவான். அந்த இடங்களில் பென்சில் கரியைத் தேய்த்தால் இரும்பு வெளியே தெரிகிற மாதிரி வரும்.

அவன் சண்டையில் ஓட்டிய வண்டி இது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. இது அவன் மிலிட்டரியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்த பிறகு, ஏலத்தில் எடுத்து வந்த வண்டி. தான் ஓட்டிய அதே ஜாதி வண்டி என்று ஆசைப்பட்டு எடுத்தான். பின்பக்கத்துக்கு நானே மரப்பலகை அடித்தேன். வந்த பச்சையோடுதான் நின்றது. முதல் நடை முடிந்ததும் பெயிண்ட் மாற்றலாம் என்றான்.

முதல் நடை கௌகாத்திக்கு. போகவர ஒரு மாதம் ஆகும்.

என் சம்சாரம் பாவாயிக்கு அப்போது இளைப்பு அதிகம். படுத்துத் தூங்க முடியாது, உட்கார்ந்தே இருப்பாள். "பதினஞ்சு வருசம் தபால்காரன் மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். இன்னொருக்கா அவன உட்டுப்போடாதீங்க" என்று என்னிடம் சொன்னாள். அவனிடம் சொன்னேன். சிரித்தான்.

"ஒரே ஒரு நடைதானுங்கப்பா. ஓடியாந்தர்றேன்."

எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. இரண்டு நாள் வண்டி கிளம்ப முடியாமல் நின்றால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்று மட்டும் யோசித்தேன். கிளம்புவதற்கு முதல் நாள், எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம், ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனேன். சேஸில், அதாவது அடிச்சட்டத்தில், வலது பக்கம் பிரேக் பைப் போகும். முக்கோண அரத்தால் அதை ஓர் இடத்தில் ராவினேன். நகம் அளவு மெல்லிசாக வந்ததும் நிறுத்திவிட்டேன். விடிவதற்குள் எண்ணெய் சொட்டித் தரையில் நிற்கும், சின்னான் பார்ப்பான், புதுப் பைப்புக்குச் சேலத்துக்கு ஆள் போகும். அவ்வளவுதான் என் கணக்கு.

ராவிய இடம் பளபளவென்று இருந்தது. அப்படியே விட்டால் யாரோ செய்தது என்று தெரிந்துவிடும். தானாகத் தேய்ந்ததாக இருக்க வேண்டும். அதனால் கிரீஸைத் தடவி, அதன் மேல் புகைக்கரி, அதற்கும் மேல் செம்மண்ணைக் கட்டைவிரலால் அப்பினேன். அரை மணி நேரத்தில் அந்த இடம் பக்கத்து இரும்பைப் போலவே பழசாகிவிட்டது. இந்தச் சின்ன வண்டிக்கும் அதே பதம்தான். நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

காலையில் தரை காய்ந்து கிடந்தது. இரண்டு தரம் குனிந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி பாடி கட்டியவன் நான்; தகரம் மெலிந்தால் ஒழுகும் என்று நினைத்தவன். பிரேக் எண்ணெய் அப்படி இல்லை, பெடலை ஓங்கி மிதிக்கும்போதுதான் பைப்பை முட்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சின்னான் வண்டிக்கு அடியில் போய்க் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். மகனைப் பார்த்து, "ஏனுங்க மிலிட்டரி, பாகிஸ்தான்காரனுக்கே அசையாத ஆளு, வழியில மலை இறக்கத்துல கண்ண மூடிக்க மாட்டீங்களே?" என்று கிண்டல் செய்தான். மருமகள் வசந்தாமணி கற்பூரத் தட்டோடு நின்றாள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தோம். முன்பக்கம் வலது சக்கரத்துக்கு நான் வைத்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை போட்ட வண்டியில் முதல் நடை முடியும்வரை ஸ்பானர் படக்கூடாது. நான் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி போனது.

பதினொரு மணிக்குள் அந்த மலை இறக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பாவாயி நாற்பது நாள் இருந்தாள்.

பைப் பழசாகித் தேய்ந்திருந்தது, மெக்கானிக் கவனிக்கவில்லை என்று போலீசார் எழுதினார்கள். சின்னான் ஒன்பது மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபின் எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. சேந்தமங்கலம் பக்கம் கிணறு வெட்டப் போகிறான். எழுத்து எதற்குக் கற்றுக்கொள்ளுகிறீர்கள் என்று நீங்கள் கேட்டபோது பஸ் போர்டு படிக்க என்று சொன்னேன். அது பொய். போலீஸ் காகிதத்தைப் படிக்கத்தான் வந்தேன். நான் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த பெரிய சொல் 'கவனக்குறைவு'.

ஒவ்வொரு வருடமும் திதி அன்று சின்னான் வருவான். படத்துக்கு முன்னால் விழுவான்.

"நான் நல்லாத்தானுங்கண்ணா பாத்தேன். என்ர கண்ணு அவிஞ்சு போச்சுங்கண்ணா."

"போனது போச்சு. எந்திரிச்சு உக்காரு. சாப்புடு" என்பேன். இலை போட்டு நானே பரிமாறுவேன். செங்கோடனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரில் சொல்லுகிறார்கள். ஆறு வருடம் கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன்.

டீச்சர், சின்ன வண்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வலது பக்கம் செம்புக் கம்பி போகும். அது பிரேக் பைப். அதிலும் அதே அரத்தால் ராவி, அதே மூன்றையும் பூசியிருக்கிறேன். அதையும் செய்யாமல் வண்டி முழுசாகாது என்று தோன்றியது. இதுவரை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

சின்னானின் மகள் நீங்கள் பகலில் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். கண்காட்சிக்கு அவனும் வருவான். வண்டியைப் பார்த்தால் குனிந்து அடியில் பார்ப்பான், அது அவன் பழக்கம். அவனுக்கு எழுத்துத் தெரியாது, இந்த நோட்டை நீங்களே அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். வசந்தாமணிக்கும் காட்டுங்கள். அதன் பிறகு போலீசிடம் கொடுத்துவிடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

சண்முகவேலைக் கொன்றது நான். சின்னான் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. இருந்தாலும் அன்று காலையில் அவன் அந்த இடத்தைத் துணியால் ஒரு தரம் அழுத்தித் துடைத்துப் பார்த்திருக்கலாம்.