நாற்பத்திரண்டு நொடி

இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற நாம் அத்தனை பேரும், ஒரு மனிதனுக்கு மூச்சு நின்றபோது கைதட்டியவர்கள். முதலில் இது. அப்புறம்தான் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தொழிற்சாலை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மூத்த தொழிலாளர்களே, வீட்டில் ஒரு வேலைநாளை முடித்துவிட்டு இங்கே இன்னொரு வேலைநாளைத் தொடங்கும் தையல் பிரிவுத் தாய்மார்களே, இஸ்திரிச் சூட்டிலிருந்து ஈரச் சட்டையோடு வந்து நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஒரு காலர் தைக்க எத்தனை நொடி, ஒரு பொத்தான் வைக்க எத்தனை நொடி என்று கழுத்தில் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு உங்கள் பின்னால் வந்து நிற்பவள். நீங்கள் வைத்த பெயர் நொடிக்காரி. எனக்குத் தெரியாமல் வைத்த பெயரும் ஒன்று உண்டு. சிரிக்க வேண்டாம் அக்கா, அதுவும் எனக்குத் தெரியும்.

உடல்நலம் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பழம் தின்னுங்கள், படி ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். மனம் வரவில்லை. கடைசி வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருக்கிறாரே கட்டிங் மாஸ்டர், அவரைப் பற்றிப் பேசப் போகிறேன். காலையில் அனுமதி கேட்டேன். "எல்லாத்தையும் சொல்லும்மா. தொப்பைய மட்டும் கொஞ்சம் கொறைச்சு சொல்லு" என்றார்.

நான்கு ஆண்டுகள் அவரை நாம் எப்படி அழைத்தோம்? பன் மாஸ்டர். பத்து மணிக்கு ஒரு பன், பதினொன்றுக்கு ஒரு பன், தேநீரில் நான்கு கரண்டிச் சர்க்கரை. "சோத்து மூட்டை" என்றோம். வேலை நேரத்தில் கண் சொருகினால் "சோம்பேறி" என்றோம். சின்னத் தவறுக்கும் அளவுகோலைத் தூக்கி எறிந்தார். "திமிர் பிடித்தவர்" என்றோம். அலுவலகம் மூன்று முறை மெமோ கொடுத்தது. மூன்றையும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அறுபது அடுக்குத் துணியை அறுக்கிற கத்தி இயந்திரத்தின் முன்னால் மறுபடியும் போய் நின்றார்.

மதிய இடைவேளையில் வெட்டுமேசைக்குக் கீழே துணிக்கட்டுகளின்மேல் படுப்பார். படுத்த நிமிடமே குறட்டை. மேசையே அதிரும். அப்போதுதான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தோம். அவர் வயிற்றின்மேல் ஒரு நூற்கண்டை நிமிர்த்தி வைப்போம். ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். திடீரென்று நிற்கும். குறட்டையும் நிற்கும். எத்தனை நொடி நிற்கிறது? அதுதான் பந்தயம். தோற்றவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கி வர வேண்டும்.

நேரம் எடுத்தது யார்? நான். முப்பத்தொன்று. முப்பத்தெட்டு. ஒரு நாள் நாற்பத்திரண்டு! கூடமே கைதட்டியது. "அண்ணன் இன்னைக்கு டார்கெட்டை முடிச்சிட்டாரு!" என்று ஒருவர் கத்தினார். யார் என்று சொல்ல மாட்டேன், தலையைக் குனிய வேண்டாம் அண்ணே. உங்கள் குரலைவிடப் பெரிதாகச் சிரித்தவள் நான். காலருக்கு எழுதுகிற அதே தாளில், 'வேலை: குறட்டை' என்று தலைப்பு வைத்து, பன்னிரண்டு நாள் நொடிக்கணக்கை வரிசையாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

அவர் மனைவி பொத்தான் பிரிவில் வேலை செய்கிற அக்கா. அந்தத் தாளைப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. தாளைக் கிழியாமல் எடுத்து, மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கணவரை இழுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் தாளைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். "இத எந்த டாக்டர் எடுத்தாங்க?"

"டாக்டர் இல்லீங்க. எங்க கம்பெனில காலருக்கு நேரம் எடுக்கிற பொண்ணு."

"இவரை இன்னைக்கே சோதிக்கணும்மா."

சோதித்தார்கள். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து காற்றின் வழியை அடைத்துவிடுகிறது. மணிக்கு நாற்பத்தாறு முறை. ஏழு மணி நேரத் தூக்கத்தில் முந்நூறு முறைக்கு மேல்! ஒவ்வொரு முறையும் அந்த உடம்பு விழித்து, முட்டி மோதி, மூச்சை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அவருக்கே தெரியாமல், யாரும் பாராட்டாமல், ஓர் இரவுகூட விடுப்பு எடுக்காமல்! தாய்மார்களே, இந்தக் கூடத்தில் அப்படி உழைத்தவர் யார்? எந்த இயந்திரம் அப்படி உழைத்தது? சோம்பேறி என்று நாம் சொன்ன உடம்பு அது!

"பன் தின்னது?" என்று யாரோ கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. தூங்காத உடம்பு சர்க்கரையைக் கேட்கும், பசியும் நிறைவும் குழம்பிப்போகும், கோபம் மூக்கின் நுனியில் நிற்கும் என்றார் மருத்துவர். மாஸ்டர் தின்றது ஆசையால் அல்ல, கத்தியின் முன்னால் கண் மூடாமல் இருக்க.

இப்போது முகமூடி மாட்டிக் காற்றை உள்ளே தள்ளுகிற ஒரு கருவியோடு தூங்குகிறார். மாட்டிய முதல் வாரம் "யானைக்குட்டி மாதிரி இருக்கீங்க" என்று அக்கா சிரித்தாராம். மூன்றாம் மாதம் ஒரு மதியம், பன்னில் பாதியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. வயிறு நெறஞ்சிருச்சு. நெறஞ்சிருச்சுன்னு அது எங்கிட்ட சொல்லுது. இத்தனை வருசமா சொல்லவே இல்ல." மீதிப் பன்னைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நேத்து எம் பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்து படிச்சா. இவ்வளவு நாளா நான் வந்தா எந்திரிச்சு வேற ரூமுக்குப் போயிருக்கா. நான் கவனிக்கவே இல்ல."

எடை மூன்று கிலோதான் குறைந்திருக்கிறது. மாயம் எதுவும் நடக்கவில்லை. ஒரு மனிதர் தூங்கினார். அவ்வளவுதான். அவ்வளவுக்கே ஒரு வீடு முழுக்க வெளிச்சம் வந்துவிட்டது. இதைவிட வியப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மேலாளர் அவர்களே, இனிப் பேசுவது உங்களிடம். தன் நோயைப் பற்றி அவரே நேர்மையாக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாளே அவரை வெட்டுமேசையிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பினீர்கள். தூங்கி விழுந்துகொண்டே கத்தி பிடித்த நான்கு ஆண்டும் அவர் மாஸ்டர். தெளிவாக விழித்திருக்கிற இன்று அவர் ஆபத்தா? அவர் அந்த மேசைக்குத் தகுதியானவர் என்று மருத்துவர் எழுதிய கடிதம் பத்தொன்பது நாளாக உங்கள் மேசையில் கிடக்கிறது. இங்கே இன்னும் எத்தனை பேர் பன்னைத் தின்று, பல்லைக் கடித்து, கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்கள்? அவருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அவர்களில் யார் வாய் திறப்பார்கள்?

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், அழுதுகொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், தலைகுனிந்து கேட்ட தோழர்களுக்கும் நன்றி, வணக்கம். ஆனால் நான் இன்னும் இறங்கவில்லை.

மேலாளர் அவர்களே, நாளைக் காலை எட்டு மணிக்கு அவர் எந்த மேசைக்குப் போக வேண்டும்? ஒலிபெருக்கி இதோ. நீங்களே சொல்லுங்கள்.

தாளைப் புரட்ட வேண்டாம். சொல்லுங்கள்.

சொல்லுங்கள் ஐயா.