மருந்துப் படம்

றுகையா: ...அப்ப அது காய்ச்சல் மருந்தா மாஸ்டர்?

மாஸ்டர்: ஓம் புள்ள, காய்ச்சல் மருந்துதான். நேத்துப் படம் ஓடக்குள்ளயே சொன்னன்தானே.

றுகையா: சொன்னீங்க. ஆபிரிக்காவுல ஒரு நாடு, வெள்ளக்காரக் கம்பனி ஒண்டு கூடாத மருந்து விக்கிது, மந்திரியும் அதுக்குக் கூட்டு, ஒரு டாக்குத்தர் பொம்புள அதத் தோண்டித் தோண்டிப் பாக்காள்...

சரீபா: அடியே, இவள் ஒண்டும் உடாமப் பாத்திரிக்காள்! எனக்கு அந்தக் கார் ஓட்டம் மட்டும்தான் நினைவு.

மாஸ்டர்: ஒனக்குக் கார் ஓடினாப் போதும். கதை எதுக்கு?

சரீபா: கதையத்தான் நீங்க சொல்றீங்களே. அவனுகள் இங்கிலீசுல ரெண்டு சொல்லுக் கதைச்சா நீங்க அதத் தமிழ்ல இருவது சொல்லுக் கதைக்கிறீங்க. ஹாஜியார்ட வளவுல பொண்டுகள் டிவியப் பாத்தத விட, திரைக்கு அங்கால இருந்து வந்த ஒங்கட சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு இரிந்த.

மாஸ்டர்: இங்கிலீசு படிப்பிக்கிறவன்ட தலையெழுத்து. வகுப்புல ஒருத்தனும் காது குடுக்கிறல்ல. வீடியோவுல ஊரே காதக் குடுக்கிது.

றுகையா: நானும் காதக் குடுத்துத்தான் இரிந்த மாஸ்டர். அதுதான் கேக்கன். காய்ச்சல் மருந்தெண்டா, ஏன் அத டாங்கியில ஊத்தி முதுகுல கட்டிட்டுப் பருத்திக் காட்டுக்குள்ள போறானுகள்?

மாஸ்டர்: அது... நுளம்புக்கு அடிக்கிற. காய்ச்சல் நுளம்பாலதானே வாற.

றுகையா: பருத்திக்கும் காய்ச்சலா?

சரீபா: ஹா! இதுக்கு என்ன சொல்லப் போறீங்க?

மாஸ்டர்: நீ சும்மா இரி. போய் இந்தப் புள்ளைக்கு ஒரு தேத்தண்ணி ஊத்து.

றுகையா: வேணாம் ராத்தா, இரிங்க. நீங்களும் இரிந்து கேளுங்க... நம்மட ஊருல குடிச்சாச் சுகமாகிறதும் மருந்து, குடிச்சா மவுத்தாகிறதும் மருந்து. மாஸ்டர் நேத்து முழுக்க மருந்து மருந்தெண்டே சொன்னாரு. எந்த மருந்தெண்டு ஒருக்காலும் சொல்லல்ல.

மாஸ்டர்: சொல்லுக்கு நான் என்ன புள்ள செய்ய? தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேர்.

றுகையா: இங்கிலீசுல?

மாஸ்டர்: இங்கிலீசுல வேற வேற.

றுகையா: அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிதான் இரிந்திரிக்கி.

சரீபா: என்னங்க, மெய்தானா? அது பூச்சிக்கு அடிக்கிற மருந்தா?

மாஸ்டர்: ஓம். பூச்சி மருந்துதான். இப்ப என்ன? படந்தானே!

சரீபா: அப்ப ஏன் மாத்திச் சொன்னீங்க?

மாஸ்டர்: ஏன் எண்டு கேக்கிற... ஆர்ட வளவு அது? ஆர்ட டிவி, ஆர்ட வீடியோ டெக்? ஜவுபர் ஹாஜியார் மருந்துக் கடை வச்சிரிக்கார், கம்பனிக்கு ஏஜண்டு. கல்முனையில இருந்து சாகாமம் மட்டும் வெள்ளாமைக்கு அடிக்கிற மருந்தெல்லாம் அவர்ர கடையாலதான் போகுது. அவர்ர வளவுல, அவர்ர பாயில இரிந்துக்கிட்டு, மருந்துக் கம்பனி ஆக்களக் கொல்லுது எண்டு கத்தச் சொல்றியா?

சரீபா: அப்ப அவர் ஏன் அந்தப் படத்தப் போட்ட?

மாஸ்டர்: அவருக்கு என்ன தெரியும்? வீடியோக் கொப்பி எடுக்கப் போன இடத்துல கவரப் பாத்திரிக்கார். கவர்ல காரும் துவக்கும். அடிபுடிப் படமெண்டு எடுத்துக்கிட்டு வந்திட்டார். எனக்கே ஓடி அஞ்சு நிமிசத்துக்குப் பிறகுதான் விளங்கின. வேர்த்துப் போச்சி.

றுகையா: நல்லா மாத்தினீங்க மாஸ்டர். ஹாஜியார் பக்கத்துல இரிந்து சிரிச்சது எங்களுக்கும் கேட்ட.

மாஸ்டர்: குத்தாத புள்ள.

றுகையா: குத்தல்ல. ஒரு இடம் மட்டும் கேக்கன். அந்தப் பருத்திக் காட்டுல ஒருத்தன் மவுத்தாகிறான்...

மாஸ்டர்: ம்.

றுகையா: மருந்தக் குடிச்சிட்டான் எண்டு சொன்னீங்க. பொஞ்சாதியோட சண்டை புடிச்சிக் குடிச்சிட்டானெண்டு. படத்துல அப்படியா சொல்றாங்க?

மாஸ்டர்: கம்பனிக்காரன் அப்படித்தான் சொல்றான். கோட்டுப் போட்ட ஒருத்தன் வந்து பேப்பர்காரங்களுக்கு... அவனாக் குடிச்சிட்டானெண்டு சொல்றான். நான் அதச் சொன்ன.

றுகையா: பொஞ்சாதியோட சண்டை எண்டும் அவன் சொன்னானா?

மாஸ்டர்: அது... அது நான் சும்மா சேத்த. கேக்கிறதுக்கு ருசியா இரிக்கட்டுமெண்டு.

றுகையா: ருசியா...

மாஸ்டர்: என்ன புள்ள?

றுகையா: ஒண்டுமில்ல. அந்த மனிசன்ட பொஞ்சாதி, தலையில துணி கட்டின பொம்புள, அழுது அழுது தலைய ஆட்டினாள். அவள் என்ன சொன்ன?

மாஸ்டர்: அவள் அழுகிறாள், அவ்வளவுதான்.

றுகையா: இல்ல எண்டு ஆட்டுற தலைக்கு இங்கிலீசு வேணுமா மாஸ்டர்? 'அவர் குடிக்கல்ல, அவர் குடிக்கல்ல' எண்டு சொல்றாள். நீங்க அவள்ர வாயில கம்பனிக்காரன்ட கதைய வச்சிட்டீங்க.

சரீபா: றுகையா... நீ அச்சிமுகம்மத நினைச்சிக் கதைக்கிறாய்.

றுகையா: வேற ஆர ராத்தா நினைக்கச் சொல்றீங்க? என்ட மாப்புளையும் டாங்கியக் கட்டிட்டுத்தான் போன. சாகாமத்து வட்டைக்குள்ள, ஹாஜியார்ட வயலுக்கு. பின்னேரம் மையித்தாத்தான் டிரக்டர்ல வந்த. வயல் வாடியில பக்கத்துல மருந்துப் போத்தல் கிடந்ததாம். அதோட கதை முடிஞ்சி. மருந்து குடிச்சவன் எண்டு பேர். தானா உசிர விட்டவனெண்டு பெரிய லெவ்வை மையித்துத் தொழுகை தொழுவிக்க வரல்ல. இண்டைக்கும் என்ட மகளப் பொண்ணு கேட்டு வாறவங்க முடுக்கால திரும்பிப் போறாங்க.

சரீபா: அல்லாட நாட்டம், என்ன செய்ய?

றுகையா: அவர் குடிக்கல்ல. எனக்குத் தெரியும். பொஞ்சாதிக்குத் தெரியாதா?

மாஸ்டர்: தெரியுமெண்டா மறுகா என்னட்ட என்ன கேக்க வந்த?

றுகையா: படத்துட முடிவக் கேக்க வந்த. கம்பனிய மூடிட்டாங்க, மந்திரியப் புடிச்சி உள்ள போட்டுட்டாங்க எண்டு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டின. மெய்யா?

மாஸ்டர்: ...இல்ல.

சரீபா: அதுவும் பொய்யா? ரப்பே!

மாஸ்டர்: அந்த டாக்குத்தர் பொம்புளையச் சுட்டுப் போட்டாங்க. மந்திரி கம்பனிக்காரன்ட கையக் குலுக்கிறான். டிரம்முகளுக்கெல்லாம் வேற நிறத்துல லேபல் ஒட்டி கப்பல்ல ஏத்துறாங்க.

சரீபா: எங்க கொண்டு போக?

மாஸ்டர்: நாட்டுட பேர் சொல்லல்ல. கப்பல் போகுது. அதோட முடியிது.

சரீபா: நல்ல படந்தான்! ஹாஜியார்ட கடையில போன கிழமை புது லேபலோட ஒரு மருந்து வந்திரிக்கெண்டு சொன்னாங்க...

மாஸ்டர்: வாயப் பொத்து!

சரீபா: ஏன் என்ட வாயப் பொத்தச் சொல்றீங்க? நான் என்ன டிவிக்குப் பக்கத்துலயா இரிக்கன்?

றுகையா: மாஸ்டரும் ஒரு இடத்துல வாயப் பொத்தினாரு ராத்தா. நீங்க கவனிக்கல்லயா?

சரீபா: இவரா? இவர் நித்திரையிலயும் கதைப்பாரே.

றுகையா: அந்த மவுத்தான மனிசன நேர்ஸ் கவுட்டுப் படுக்க வச்சி, சேட்டத் தூக்கி முதுகக் காட்டினாள். எல்லாப் பொண்டுகளும் 'அல்லா' எண்ட. அது வரைக்கும் ஓயாமக் கதைச்ச மாஸ்டர் அதுல நிப்பாட்டிட்டாரு. அந்த டாக்குத்தர் பொம்புள முதுகப் பாத்துப் பாத்து நிறையக் கதைச்சாள். ஒரு சொல்லு நமக்கு வரல்ல.

மாஸ்டர்: தொண்டை காஞ்சிட்டு. தண்ணி குடிச்ச.

றுகையா: தண்ணி குடிச்சீங்களா, வேற என்னவும் நினைவுக்கு வந்திச்சா?

மாஸ்டர்: என்ன கேக்கிறாய் நீ?

றுகையா: என்ட மாப்புளையக் குளிப்பாட்டினது மூணு பேர். பள்ளி மோதினார், அவர் மவுத்து. ஹாஜியார்ட மச்சினன் முகைதீன்பாவா, அவர் வாயத் துறக்க மாட்டார். மத்தது நீங்க. எனக்கு முகத்த மட்டும்தான் காட்டின. கபன் துணியச் சுத்திட்டுத்தான் கூப்புட்ட. முதுகு எப்படி இரிந்த மாஸ்டர்?

மாஸ்டர்: அதெல்லாம் கேக்கப்படாது புள்ள.

றுகையா: ஏன் கேக்கப்படாது?

மாஸ்டர்: மையித்துல கண்டத வெளியில சொல்லப்படாது. குளிப்பாட்டுறவன் மறைக்கோணும். அவன்ட குறைய நாம மறைச்சா, நம்மட குறைய அல்லா மறைப்பான். தெரியும்தானே ஒனக்கு?

றுகையா: குறைய மறைக்கத்தான் மார்க்கம் சொல்லியிரிக்கி. வெந்த முதுகு குறையா மாஸ்டர்?

மாஸ்டர்: வெந்ததெண்டு நான் சொல்லல்லயே... நான் ஒண்டும் சொல்லல்ல.

சரீபா: இஞ்சாருங்க... என்னப் பாருங்க. வெந்தா இரிந்த?

மாஸ்டர்: நீயுமா தொடங்கிட்டாய்? நம்மட அதாவுல்லாவ சவூதிக்கு அனுப்பினது ஆரு? இந்த வீட்டுக்கு ஓடு போட்டது எந்த உழைப்பு? விசா எடுத்துத் தந்தது ஆரு? நினைச்சிப் பாத்துக் கதை.

சரீபா: எல்லாம் நினைவிரிக்கி. இது மட்டும்தான் எனக்குத் தெரியாது. இத்தன வருசமும் ஒரே பாயில படுத்தம், இத எனக்கிட்டயும் சொல்லல்ல நீங்க.

மாஸ்டர்: என்னத்தச் சொல்ல!

றுகையா: ஊருக்குச் சொல்ல வேணாம் மாஸ்டர். பள்ளியில எழும்பி நிண்டு சொல்லச் சொல்லல்ல. ஹாஜியாருக்கு முன்னால சாட்சி சொல்லவும் கூப்புடல்ல. ஒங்கட மகன் அங்க நல்லா இரிக்கட்டும். இந்த வீட்டுக்குள்ள... எனக்கு மட்டும் சொல்லுங்க. அல்லாவுக்காகச் சொல்லுங்க.

சரீபா: சொல்லுங்களேன்!

மாஸ்டர்: ...சேட்டக் கழட்ட ஏலாமப் போச்சி. முதுகோட ஒட்டியிரிந்த. கத்திரியால வெட்டித்தான் எடுத்த.

சரீபா: யா அல்லா...

மாஸ்டர்: டாங்கி ஒழுகியிரிக்கி. காலையில இருந்து அவன்ட முதுகுல ஒழுகிக்கிட்டே இரிந்திரிக்கி. கழுத்துல இருந்து இடுப்பு மட்டும்... தண்ணி ஊத்த ஊத்தத் தோல் என்ட கையோட வந்த. மோதினார் அழுதுட்டாரு. முகைதீன்பாவா கதவச் சாத்திட்டு, 'மையித்துல கண்டத ஆரும் வெளியில கொண்டு போகப்படாது' எண்டான். அவன் சொன்னது மார்க்கந்தான்... நான் அதப் புடிச்சிக்கிட்டன்.

றுகையா: வாய்?

மாஸ்டர்: என்ன?

றுகையா: வாய் எப்படி இரிந்த? மருந்து மணத்திச்சா?

மாஸ்டர்: இல்ல. நான்தான் வாயத் தொடைச்சிப் பஞ்சு வச்ச. குனிஞ்சி பாத்த. பல்லு, நாக்கு எல்லாம் சுத்தம். வெத்தில மணந்தான் இரிந்த. அவன் குடிக்கல்ல புள்ள.

றுகையா: இன்னொருக்காச் சொல்லுங்க.

மாஸ்டர்: அச்சிமுகம்மது மருந்து குடிக்கல்ல. வல்லாஹி, குடிக்கல்ல.

சரீபா: அழு புள்ள, நல்லா அழு. இஞ்ச ஆரும் இல்ல.

மாஸ்டர்: என்னத் திட்டு. துப்பணுமெண்டாத் துப்பிட்டுப் போ. என்ட வாயால ஊருக்குச் சொல்ல ஏலாது, நான் பயந்தவன். ஆனா ஒண்டு யோசிச்சித்தான் நான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்ட. ஊர் என்ன சொன்னாலும், லெவ்வை தொழுவிக்காட்டியும், வீட்டுல பொஞ்சாதி நம்பித்தானே இரிக்காள். அவள் அவனுக்காக ஓதுவாள், கையேந்துவாள். மையித்துக்கு அதுதான் பெரிசு. ஊர்ட துஆ எதுக்கு, ஒன்ட துஆ போதும் அவனுக்கு... என்ன புள்ள, ஏன் அப்படிப் பாக்கிறாய்?

றுகையா: நான் அவருக்காகத் துஆக் கேக்கல்ல மாஸ்டர்... அண்டைக்கி விடிய நானும் அவரும் சண்டை. 'போய் அந்த மருந்தையே குடிச்சிட்டுச் சாகுங்க' எண்டு வாசல்ல நிண்டு கத்தினது நான்தான். என்ட சொல்லக் கேட்டுக் குடிச்சிட்டாரெண்டு, மகளையும் என்னையும் நடுத்தெருவுல உட்டுட்டாரெண்டு, நேத்துப் படத்துல அந்த முதுகக் காணுற வரைக்கும் ஊரை விட நான்தான் நம்பி இரிந்த. இத்தன வருசத்துல அவருக்காக ஒரு யாசீன் ஓதல்ல நான்.