மேனேஜர் மேஜை

காபியில் சர்க்கரை குறைவாக இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். என் மகள் ரங்கநாயகி எனக்குப் போடுகிற அளவிலேயே வருகிறவர்களுக்கும் போட்டுவிடுவாள். எனக்கு வியாதி, வந்தவருக்குத் தண்டனை.

நகராட்சிக்குக் கம்ப்யூட்டர் திட்டம் எழுத உங்களை ஆலோசகராக அமர்த்தியிருக்கிறார்கள். போன தடவை போட்ட திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்க ஸ்ரீரங்கம் வரை தேடி வந்திருக்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் வந்தீர்கள். எண்பத்தாறில் அந்தத் திட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தவன் நான்தான். தீர்மானம் கவுன்சிலுடையது, கையெழுத்து கமிஷனருடையது. ஆனால் மேனேஜர் தங்கையன் என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் அந்த ஆபீசில் ஃபேன்கூடச் சுற்றும்.

மூன்று பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். மெட்ராஸ் கம்பெனி ஒன்று. அவர்கள் கேட்ட தொகையைக் கேட்டுச் சேர்மன் சிரித்துவிட்டார். பம்பாயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர். அவருக்கு அமைச்சர் வரை ஆள் பழக்கம். மூன்றாவது டோரதி. பெண்கள் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. அப்பா ரயில்வேயில் இருந்து காலமானவர். காட்டூரில் அம்மாவோடு குடியிருந்தார். உள்ளூர்ப் பெண், படித்தவர், செலவும் குறைவு என்று நான் குறிப்பு எழுதினேன். எழுதாத காரணம் ஒன்று உண்டு. அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. ஆலோசகர் என்பவர் நாம் சொல்வதைத் தன் வாயால் சொல்ல வேண்டியவர். அதற்கு அப்படிப்பட்ட ஆள்தான் தோது.

அதில்தான் நான் ஏமாந்தேன்.

வந்த முதல் நாளே கம்ப்யூட்டரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறப்புச் சான்றிதழ் கேட்டு லால்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் மனுக் கொடுத்தார். அந்த மனுவின் கூடவே போனார் டோரதி. அது தபால் பிரிவில் இருந்தால் இவரும் அங்கே. கிளார்க்கிடம் போனால் இவர் நாற்காலியும் அங்கே. பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டு, அந்த மனு எழுந்தால் தானும் எழுந்துகொள்வார். ஆபீசே சிரித்தது, நானும் சிரித்தேன்.

பிறகு மனு என் மேஜைக்கு வந்தது. எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் வந்தார், செவ்வாய் வந்தார், அடுத்த வாரமும் வந்தார். நான் எதையும் உடனே எடுக்கிறவன் இல்லை. லஞ்சத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்திரண்டு வருஷ சர்வீசில் ஒருவரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. ஜனங்கள் வருவார்கள், வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள், கும்பிடுவார்கள். “நாளைக்கு வாங்க” என்பேன். போவார்கள், வருவார்கள். உடனே கிடைக்கிற காகிதத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது? இப்படி ஒரு கதவுக்கு வெளியே என் தகப்பனார் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவுக்கு உள்ளே வந்து உட்கார நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவர் கேட்டார்.

“சார், இந்த மனு உங்ககிட்ட எதுக்கு வருது?”

“கையெழுத்துக்கு.”

“கமிஷனரும் போடுறாரே.”

“அவர் போடுறதுக்கு முன்னாடி நான் பார்க்கணும்மா.”

“என்ன பார்ப்பீங்க சார்?”

கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். கிளார்க்குகள் இருவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மனுவை இன்னும் ஒரு வாரம் நான் எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அறிக்கையோடு வந்தார். திங்களன்று கவுன்சில் கூட்டம். முந்தின வியாழனே என்னிடம் கொண்டுவந்து காட்டினார். “உங்ககிட்ட சொல்லாம கவுன்சில்ல வெச்சா மரியாதை இல்ல சார்” என்றார். இரண்டாம் பக்கத்திலேயே விஷயம் இருந்தது. கம்ப்யூட்டர் இரண்டு வருஷம் பொறுக்கலாம். முதலில் மனுக்கள் மேனேஜர் மேஜைக்குப் போவதை நிறுத்த வேண்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் திட்டம். ஒரு பெரிய மனுஷனைக் காலி செய்ய மூன்று வரி போதுமாயிருந்தது.

கோபப்பட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. நிதானமாக யோசித்தேன்.

வரி நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற தினக்கூலி ஆட்கள் எங்களிடம் இருந்தார்கள். பல வருஷமாக நிரந்தரம் ஆகும், நிரந்தரம் ஆகும் என்று காத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் முன்னால் நிற்கிறவன் மருதை. கோபக்காரன், ஆனால் மனசில் கள்ளம் கிடையாது. அவனைக் கூப்பிட்டு, “கம்ப்யூட்டர் வந்துட்டா உங்களுக்கு வேலை இல்லையாம்ப்பா. அந்த டோரதியம்மா எழுதிட்டாங்க” என்றேன்.

“யார் யார் பேரு இருக்குங்கய்யா?”

“முதல் பேரு உன்னுதுதான்.”

அவன் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டான். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. தொழிலாளியின் பக்கம் நின்று யாராவது பேச வேண்டும் இல்லையா?

அறிக்கையில் அப்படி ஒரு பெயரும் இல்லை. அந்த ஆட்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று ஏழாம் பக்கத்தில் எழுதியிருந்தார். அதையும் நான் படித்திருந்தேன்.

மறுநாள் வெள்ளி. அறிக்கையில் ஒரு திருத்தம் வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்துகொண்டு வாருங்கள் என்று டோரதியிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பைக்குள் வைப்பதைப் பார்த்தேன். பிறகு சாயங்காலம் ஆறு மணிவரை ஏதேதோ சந்தேகம் கேட்டு உட்காரவைத்தேன். மற்றவர்கள் ஐந்தரைக்கே போய்விட்டார்கள். மருதையும் ஆட்களும் ஆறு மணிக்குத்தான் நோட்டீஸ் சுற்று முடிந்து திரும்புவார்கள். “எங்கதாங்கய்யா அந்த லிஸ்ட்டு?” என்று அவன் மத்தியானமே கேட்டிருந்தான். அவருடைய பையில் இருக்கிறது, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய்க் காட்டூர் பஸ் மாறுவார், நம் ஆபீஸ் வாசல் ஸ்டாப்பில்தான் ஏறுவார் என்று சொல்லியிருந்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது தப்பா?

எழுந்தபோது, “போயிட்டு வரேன் சார்” என்றார். “பார்த்துப் போங்கம்மா” என்றேன்.

ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் பேச்சுத்தான். அவர் கையை ஆட்டி ஏதோ விளக்கப் பார்த்தார். கணக்குப் போட்டுக் காட்டினால் யாருக்கும் புரிந்துவிடும் என்று நம்புகிற பெண். கூட்டம் நெருக்கியது. பஸ் வந்தது. அவர் படியில் கால் வைத்தார், மருதை பையைப் பிடித்தான். அவர் விடவில்லை. விட்டிருக்கலாம், இன்றைக்கும் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பஸ் நகர்ந்துவிட்டது. பின்சக்கரம்.

நான் குரல் கொடுத்திருந்தால் மருதை நின்றிருப்பான். என் குரலுக்கு அவ்வளவு மரியாதை உண்டு. நான் கொடுக்கவில்லை.

கோர்ட்டில் சாட்சி சொன்னேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். மருதைக்கு ஏழு வருஷம். “மேனேஜர் ஐயாதான் சொன்னாரு” என்று அவன் கூண்டில் நின்று அழுதான். தினக்கூலிக்காரன் பேச்சு, எழுதிக்கொண்டதோடு சரி. அவன் பெண்சாதி அழகம்மாளுக்குச் சமயபுரத்தில் ஒரு தேங்காய்க் கடையில் நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிடுகிறாள்.

பையில் இருந்த அறிக்கை அன்றே வீணாகிவிட்டது. கார்பன் வைத்து எடுத்த இன்னொரு பிரதி காட்டூர் வீட்டில் இருந்தது. துக்கம் கேட்கப் போனபோது, ஆபீஸ் காகிதம் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று அவருடைய அம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மாள் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். “எம் மக உங்களைப் பத்தி ரொம்ப மரியாதையாப் பேசும்ங்க” என்றார். வெந்நீர் அடுப்பில் அது நன்றாக எரிந்தது.

கவுன்சிலுக்கு வேறு திட்டம் நானே எழுதினேன், டோரதியின் நினைவாக என்று முதல் வரி போட்டு. கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. உறை போட்டு மூடி, என் மேஜைக்குப் பக்கத்து அறையில் வைத்தோம். சாவி என்னிடம். மனுக்கள் வழக்கம்போல் என் மேஜைக்கு வந்தன. நான் ஓய்வு பெறும்வரை ஜனங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

என்னை ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களிடம் மறைக்கத் தோன்றவில்லை. நீங்கள் போய்ச் சொன்னால் ஊர் நம்பாது, அதனாலும் சொல்கிறேன். ஏழைபாழைகள் பிழைப்புக்காகச் செய்தேன். எனக்கென்று இதில் ஒன்றுமே இல்லை.

இப்போது அந்த மேஜையில் ரங்கநாயகியின் வீட்டுக்காரர்தான் உட்கார்ந்திருக்கிறார். பொறுமைசாலி, எதையும் உடனே எடுக்க மாட்டார். மனுக்களை நேராகக் கமிஷனருக்கே அனுப்பலாம் என்று உங்களுக்கும் தோன்றுவதாக வந்தவுடன் சொன்னீர்கள். படித்தவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தோன்றுகிறது. எழுதுங்கள், உங்கள் வேலை அது.

காபி ஆறுகிறது, குடியுங்கள். திருச்சியில் எங்கே தங்கியிருக்கிறீர்கள்? சாயங்காலம் எந்த பஸ்ஸில் போவீர்கள்?